சுவரிலிருந்து கிழித்த ஒரு துண்டு

ஐரோப்பாவில் பழைய வீடு வாங்குகிறவர்களுக்கு முதல் தலைவலி சுவர்க் காகிதத்தை உரிப்பதுதான். வெந்நீரில் நனைத்து, பசை ஊறியதும் தகட்டால் சுரண்ட வேண்டும். ஒன்றை உரித்தால் அடியில் இன்னொன்று, அதற்கும் அடியில் பாட்டன் காலத்து ஒன்று. நம் புதுச்சேரி வீடுகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடித்தால் தீர்ந்தது. பிரெஞ்சுப் பாடத்தில் 'பாப்பியே பேன்' என்று வந்தபோது, சுவருக்கு ஏன் காகிதம் என்றுதான் எங்களுக்குத் தோன்றியது.

அந்தக் காகிதங்களில் பச்சை நிறம் பொல்லாதது. 1775-இல் ஷீலே என்ற சுவீடன் நாட்டு வேதியியலாளர் செம்பையும் ஆர்செனிக்கையும் சேர்த்து ஒரு பச்சைச் சாயம் கண்டுபிடித்தார். ஆர்செனிக் என்றால் நம் நாட்டு மருந்துக்காரர்கள் பாஷாணம் என்பார்களே, அந்த வகைதான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வசதியான வீடுகளின் சுவரெல்லாம் பச்சை. சுவரில் ஈரம் ஏறிப் பூஞ்சணம் பிடித்தால், அது சாயத்தைத் தின்று பூண்டு நாற்றமுள்ள நச்சு வாயுவை விடும் என்று 1890-களில் கோசியோ என்ற இத்தாலிய மருத்துவர் காட்டினார்.

நெப்போலியன் செயின்ட் ஹெலினா தீவில் சிறையிருந்த லாங்வுட் வீடும் ஈரம் பிடித்ததுதான். 1821 மே 5-இல் அங்கேயே இறந்தார். பிறகு அந்த வீடு பண்ணைக் கொட்டகையாகச் சீரழிந்தது. ஆனால் 1820-களில் வந்துபோன யாரோ ஒருவர், பேரரசர் இறந்த அறையின் சுவரிலிருந்து ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்துப்போய்த் தம் குடும்ப ஆல்பத்தில் ஒட்டி வைத்தார். சுவரைச் சேதப்படுத்துகிறவர்களை எனக்குப் பிடிக்காது. இவரை மட்டும் மன்னிக்கலாம். 1980-இல் டேவிட் ஜோன்ஸ் என்ற பிரிட்டிஷ் வேதியியலாளர் வானொலியில் பேசும்போது, லாங்வுட் காகிதத்தின் நிறம் யாருக்காவது தெரியுமா என்று கேட்டார். அந்த ஆல்பம் வெளியே வந்தது. சோதித்ததில் ஆர்செனிக் இருந்தது.

ஆங்கிலேயர் விஷம் வைத்தார்கள் என்று சிலர் சொல்லிவந்த கதைக்கு இது ஒரு மாற்று விளக்கம் கொடுத்தது. ஆனால் காகிதம்தான் கொன்றது என்றும் சொல்ல முடியாது. பிரேதப் பரிசோதனையில் தெரிந்தது வயிற்று நோய். 2008-இல் இத்தாலிய ஆய்வாளர்கள் நெப்போலியனின் சிறுவயதுத் தலைமுடியையே சோதித்தபோது, அதிலும் ஆர்செனிக் மிகுதியாக இருந்தது. அவர் மனைவி ஜோசஃபினின் முடியிலும் அப்படியே. அந்தக் காலத்தில் எல்லோர் உடம்பிலும் அது கொஞ்சம் ஏறியிருந்தது போலும்.

அந்த நூற்றாண்டுச் சுவர்களில் பச்சை தெரிந்தால், விவரம் அறிந்தவர்கள் இன்றும் உலர்ந்தபடி சுரண்டுவதில்லை. தூசி பறக்காமல் நனைத்து, முகத்தை மூடிக்கொண்டுதான் கை வைக்கிறார்கள்.