டீ கிளாஸில் ஊறிய டேப்பட்

சேலம் ஃபேர்லேண்ட்ஸ்ல, சித்தப்பாவோட பழைய புல்லட் சத்தத்துலதான் எங்க வீட்டு ஞாயிற்றுக்கிழமை விடியும். டேப்பட் மூடியைக் கழற்றுவார். புஷ்ராடு விரலால் சுற்ற வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. அதுதான் அளவு. 1955-ல் சென்னையில் புல்லட் தயாரிப்பு தொடங்கியதிலிருந்து அரை நூற்றாண்டு மெக்கானிக்குகளின் கைப்பழக்கம் இது.

2008-ல் தண்டர்பேர்ட் ட்வின்ஸ்பார்க்கின் புது இன்ஜினில் ஹைட்ராலிக் டேப்பட் வந்தது. 1930-லேயே காடிலாக் வி-16 காரில் இருந்த நுட்பம்தான். ஆயில் அழுத்தமே இடைவெளியை நிரப்பிவிடும். அட்ஜஸ்ட் பண்ணும் வேலையே கிடையாது. அப்போ சித்தப்பாவின் கைத்திறன் வீணா?

நான் வாங்கிய பழைய கிளாசிக் 350-ஐ ஒரு பட்டறையில் பிரித்து மாட்டினார்கள். வீடு வரைக்கும் ஒரே 'டக டக'. சித்தப்பா மறுபடி பிரித்தார். உள்ளே காற்று! ஆயில் அமுங்காது, காற்று அமுங்கும். அதனால் டேப்பட் தொளதொளவென்று ஆகிவிடும்.

டீ கிளாஸில் சுத்தமான இன்ஜின் ஆயில் ஊற்றி, டேப்பட்டை நிமிர்த்தி முக்கி, குமிழி நிற்கும்வரை மெதுவாக அமுக்கி அமுக்கி விட்டார். மாட்டியதும் கிக்கரை மிதிக்கப் போனேன். "இருடா, அதிகப்படி ஆயில் கசியட்டும். இல்லைன்னா வால்வு மூடாது."

2020-ல் வந்த மீட்டியார் 350-ல் மறுபடி கையால் அட்ஜஸ்ட் பண்ணும் டேப்பட்தான். செய்தியைச் சொன்னேன். சித்தப்பா ஃபீலர் கேஜைத் துடைத்து வைத்தார்.