தையல் நூலும் பெய்ஸ்லி நகரும்

கைத்தொழிற் புரட்சியின் வரலாற்றைக் கூறும் நூல்கள் நூற்கும் பொறிகளையும் விசைத்தறியையும் விரித்துரைக்கின்றன. தையல் இயந்திரத்தைக் கண்டோரின் பெயர்களையும் தவறாது குறிப்பிடுகின்றன. ஆயின், வெட்டிய துணிகளை ஆடையாக இணைத்து நிறுத்தும் தையல் நூலைப் பற்றி அவை ஓரிரு வரிகளுக்கு மேற் கூறுவதில்லை. ஆடையின் நிறையில் மிகச் சிறு பங்கே நூலுக்குரியது. எனினும், அந்நூல் அறுமாயின் துணி எத்துணைச் சிறந்ததாயினும் ஆடை பயனற்றதாகிவிடும். தையல் இயந்திரம் உலகெங்கும் பரவியமைக்கு அதன் அமைப்பு மட்டுமன்றி, அதற்கேற்ற நூல் உருவானமையும் காரணமாகும் என்பதை ஸ்கொத்லாந்திலுள்ள பெய்ஸ்லி என்னும் நகரின் வரலாறு தெளிவாகக் காட்டுகின்றது.

நெசவு நூலும் தையல் நூலும் ஒன்றல்ல. தறியிலே பாவாகவும் ஊடையாகவும் அமையும் இழை, அயலிலுள்ள இழைகளின் துணையோடு நிற்பது. தையல் நூலோ தனித்து நின்று இழுவையைத் தாங்க வேண்டியது. ஆதலால் ஓரிழையாக நூற்றதை அப்படியே தையலுக்குப் பயன்படுத்துதல் அரிது. இரண்டு அல்லது மூன்று இழைகளைச் சேர்த்து, அவை நூற்கப்பட்ட திசைக்கு எதிர்த்திசையில் முறுக்கும்போதே உறுதியான புரிநூல் உண்டாகின்றது. ஒரு திசை முறுக்கு அவிழ முயலுங்கால், மற்றைத் திசை முறுக்கு அதனைத் தடுத்து நிற்கும். இச்சமநிலை குன்றிய நூல் கையிற் பிடித்த அளவிலே தன்னைத் தானே சுற்றிச் சிக்குண்ணும். வலிமையுடன், பருமன் எங்கும் ஒத்திருத்தல், வழவழப்பு, ஓரளவு நீண்டு மீளும் இயல்பு, சலவையிற் சுருங்காமை, சாயம் போகாமை என்பனவும் நல்ல தையல் நூலுக்குரிய பண்புகளாம். வலிமையிலும் ஓர் அளவு உண்டு. நூலானது துணியைவிடச் சற்று மெலிந்திருத்தலே நன்று. மிகுந்த இழுவை நேருங்கால் தையல் அறுமாயின் மீண்டும் தைத்துக்கொள்ளலாம். துணி கிழியுமாயின் அதனைச் சீராக்குதல் எளிதன்று.

ஐரோப்பாவிற் பத்தொன்பதாம் நூற்றாண்டு தொடங்கும்வரை தையலுக்குப் பெரிதும் பயன்பட்டவை ஆளிச் செடியின் நாரிலிருந்து பெறப்படும் லினன் நூலும் பட்டு நூலுமேயாகும். லினன் உறுதி வாய்ந்தது. ஆயினும் விறைப்பும் முடிச்சும் உடையது. பட்டு வழவழப்பும் நீட்சியும் பொருந்தியது. ஆயினும் விலை மிக்கது. பெய்ஸ்லியை அடுத்த பார்கரன் என்னும் இடத்தைச் சேர்ந்த குடும்பத்துப் பெண்கள் பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஒல்லாந்தரின் முறையைத் தழுவி மெல்லிய லினன் நூல் செய்து விற்றனர். அதனைத் தொடர்ந்து அப்பகுதி நூற்றொழிலுக்குப் பெயர் பெற்றது.

பின்னர் அந்நகரை உலகறியச் செய்தது சால்வை நெசவாகும். காஷ்மீரச் சால்வைகளைப் பின்பற்றிப் பெய்ஸ்லி நெசவாளர் சால்வைகளை நெய்தனர். நம் பெண்களின் சேலைக் கரைகளில் மாங்காய் வடிவமாக நாம் காணும் கோலம் மேல்நாட்டில் இன்றும் பெய்ஸ்லி என்ற பெயராலேயே வழங்குவது இதன் விளைவேயாம். கீழைத்தேயத்துக் கோலமொன்று மேல்நாட்டு நகரொன்றின் பெயரைப் பெற்றமை வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

சால்வை நெசவிலிருந்தே பருத்தித் தையல் நூல் தோன்றிற்று. தறியிலே பாவு நூல்களைப் பிரித்து உயர்த்தும் விழுதுகள் பட்டினால் ஆக்கப்பட்டன. 1806ஆம் ஆண்டு நவம்பரில் நெப்போலியன் பேர்லினில் விடுத்த ஆணை, பிரித்தானியாவுடன் ஐரோப்பியப் பெருநிலம் வணிகஞ் செய்வதைத் தடுத்தது. ஹம்பேர்க் வழியாக வந்த பட்டு அருகிற்று. விழுதுக்கான பட்டு விற்றுவந்த கிளார்க் குடும்பத்தினர் அதற்கு மாற்றாகப் பருத்தி இழைகளைச் சேர்த்து முறுக்கி வழவழப்பான நூலொன்றை உண்டாக்கினர். அது விழுதுக்குப் பொருந்தியதுடன் ஊசிக்கும் பொருந்திற்று. 1812இல் ஜேம்ஸ் கிளார்க்கும் பற்றிக் கிளார்க்கும் பருத்தித் தையல் நூல் ஆலையொன்றைப் பெய்ஸ்லியில் நிறுவினர். போரினால் நேர்ந்த முட்டுப்பாடு ஒரு புதிய தொழிலுக்கு வித்திட்டது.

தொடக்கத்தில் நூல் கண்டுகளாகவே விற்கப்பட்டது. வாங்குவோர் அதனை வீட்டிலே உருண்டையாகச் சுற்றிக்கொள்வர். பின்னர் மரத்தாலான நூற்கட்டையிற் சுற்றிக் கொடுக்கும் வழக்கம் வந்தது. கட்டைக்கு அரைப் பென்னி பெறப்பட்டதென்றும், வெறுங் கட்டையைத் திருப்பிக் கொடுத்தோருக்கு அப்பணம் மீளக் கொடுக்கப்பட்டதென்றும் கூறப்படுகின்றது. 1826இல் ஜேம்ஸ் கோட்ஸ் அந்நகரின் பேர்கஸ்லிப் பகுதியில் மற்றோர் ஆலையைக் கட்டினார். 1830இல் அவர் மைந்தர்களான ஜேம்சும் பீற்றரும் அதனை ஏற்று நடத்தத் தொடங்கினர். இவ்விரு குடும்பங்களின் போட்டியே நூலின் தரத்தை உயர்த்தியது.

இந்நிலையிலேதான் தையல் இயந்திரம் தோன்றிற்று. பிரான்சிலே பார்த்தலமி திமோனியே 1830இல் உரிமம் பெற்ற இயந்திரம் ஒற்றை நூலாற் சங்கிலித் தையல் இட்டது. தம் பிழைப்புப் பறிபோகும் என்று அஞ்சிய பாரிஸ் தையற்காரர் அவருடைய இயந்திரங்களை உடைத்தெறிந்தனர். 1846இல் அமெரிக்காவில் எலியாஸ் ஹவ் உரிமம் பெற்ற இயந்திரம் இரு நூல்களைக் கொண்டு பூட்டுத் தையல் இட்டது. ஊசியின் நூல் துணிக்கடியில் ஒரு வளையமாக நிற்க, நெசவு நாடாவைப் போன்ற சிறு நாடாவொன்று மற்றை நூலை அவ்வளையத்தினூடாகக் கொண்டு செல்லும். 1851இல் ஐசாக் சிங்கர் உரிமம் பெற்ற இயந்திரம் இம்முறையைத் தொழிலுக்கும் வீட்டுக்கும் பொருத்தமாக்கியது.

கைத்தையலிலே நூல் ஊசியுடன் ஒரு திசையிற் செல்வது. பூட்டுத் தையல் இயந்திரத்திலோ நூலின் ஒவ்வொரு பகுதியும் துணியில் அமர்வதற்கு முன் ஊசிக்கண்ணினூடாகப் பல பத்து முறை முன்னும் பின்னுமாக உராய்கின்றது. கைத்தையலிற் சிறு புடைப்பைக் கண்டால் விரல் நிதானிக்கும், இயந்திரம் நிதானிக்காது. புடைப்பு ஊசிக்கண்ணில் தடைப்பட்டு நூல் அறும். அக்காலத்து முப்புரிப் பருத்தி நூல் மெழுகும் பசையும் ஏற்றி விறைப்பாக்கப்பட்டது. கைக்கு ஏற்ற அது இயந்திரத்துக்கு ஏற்கவில்லை. பட்டு ஏற்றது, ஆயினும் எளிய மக்களின் சட்டைக்குப் பட்டு நூலிடுதல் இயலாது. இயந்திரம் கைகூடியும் அதற்குரிய மலிவான நூல் கைகூடாத நிலை இதுவாகும்.

இத்தடையை நீக்கியது அறுபுரி நூலாகும். இவ்விரண்டு இழைகளாக முறுக்கிய மூன்று புரிகளை மீண்டும் ஒன்றாக எதிர்த்திசையில் முறுக்குவதால் அது அமைகின்றது. ஓர் இழையிலுள்ள மெலிவை ஏனைய ஐந்தும் ஈடுசெய்தலால் பருமன் சீராகின்றது. விறைப்பான பசையின்றியே உறுதி கிடைத்தலால் மென்மையும் நிலைக்கின்றது. 1860களில் ஜோர்ஜ் கிளார்க் இத்தகைய நூலை அமெரிக்காவின் நியூவார்க் நகரில் விற்பனைக்குக் கொண்டுவந்தார். ‘எங்கள் புதிய நூல்’ என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துக்களான ஓ. என். ரி. என்பதே அதன் வணிகக் குறியாயிற்று. நூற்கட்டையிற் பொறித்த அக்குறியை அமெரிக்க இல்லங்கள் யாவும் அறிந்திருந்தன.

இதன் பயனை மதிப்பிட ஒரு கணக்கு உதவும். கையாற் பதினான்கு மணிநேரத்துக்கு மேற்பட்ட வேலையான ஆடவர் சட்டையொன்று, இயந்திரத்தால் ஒன்றேகால் மணிநேரத்தில் முடியுமென 1860களின் தொடக்கத்தில் அமெரிக்க இயந்திர நிறுவனமொன்று வெளியிட்டது. விற்போர் கூற்றாதலின் அதனை எச்சரிக்கையுடன் கொள்ளல் வேண்டும். எனினும், அவ்வேகம் நூல் அறாதவிடத்தன்றி எய்தற்கரியது என்பது ஒருதலை.

1896இல் கோட்ஸ், கிளார்க் நிறுவனங்கள் இணைந்தன. 1912 அளவில் பங்குகளின் சந்தை மதிப்பினால் உலகின் மிகப் பெரிய நிறுவனங்களுள் மூன்றாவதாக அது எண்ணப்பட்டது. உருக்கும் எண்ணெயும் விற்ற நிறுவனங்களுக்கு அடுத்த இடத்தைத் தையல் நூல் பெற்றமை வியப்புக்குரியது. இப்பெருஞ் செல்வத்தை ஈட்டித் தந்தோருட் பெரும்பாலார் பெண்களேயாவர். 1880களில் பேர்கஸ்லி ஆலையை ஒட்டி அரைநேரப் பள்ளியொன்று எழுப்பப்பட்டது. நாளின் ஒரு பாதியை ஆலையிலும் மறுபாதியை வகுப்பிலும் கழித்த சிறுவர் சிறுமியர்க்கென அமைந்தது அது. எழில்மிக்க கட்டடமாயினும், குழந்தைகளின் கல்வி நூலாலையின் மணிக்குக் கட்டுண்டிருந்தமைக்கு அது சான்றாகும்.

நூலின் மேனியைத் திருத்தும் முயற்சியும் உடன் நடந்தது. ஜோன் மேர்சர் என்பார் பருத்தியை எரிசோடாக் கரைசலில் இட்டால் அது வலிமையுற்றுச் சாயத்தை நன்கு பற்றுமெனக் கண்டு 1850இல் உரிமம் பெற்றார். ஆயின் பருத்தி அதனாற் சுருங்கிற்று. 1890இல் ஹொரேஸ் லோ, இழுத்துப் பிடித்த நிலையில் அதனைச் செய்தாற் பட்டையொத்த பளபளப்பும் உண்டாதலைக் காட்டினார். நூலின் பருமனைக் குறிக்கும் இலக்கமும் கருதத்தக்கது. ஓர் இறாத்தல் நிறையில் 840 யார் கொண்ட கண்டுகள் எத்தனை உள்ளனவோ அதுவே பருத்தி இழையின் இலக்கம். 40ஆம் இலக்க இழை இறாத்தலுக்கு 33,600 யார் நீளும். ஆதலால் இலக்கம் ஏற ஏற இழை மெலிந்து செல்லும்.

இருபதாம் நூற்றாண்டில் நூலின் மூலப்பொருளே மாறிற்று. 1935இல் அமெரிக்காவிற் கரோதர்ஸ் நைலோனையும், 1941இல் இங்கிலாந்தில் வின்பீல்டும் டிக்சனும் பொலியெஸ்தர் இழையையும் கண்டனர். பொலியெஸ்தர் நூல் அதே பருமனுடைய பருத்தி நூலினும் வலியது, சலவையிற் சுருங்காதது, உக்காதது. பருத்தி நூலோ நீரில் நனைந்து சுருங்கித் தையலோரத்தைச் சுருக்குவது. எனினும் புதிய நூலுக்கும் ஒரு குறை இருந்தது. நிமிடத்துக்கு 5,000 தையல் இடும் ஆலை இயந்திரங்களில் ஊசி உராய்வினாற் பெருஞ் சூடேறும். பருத்தி உருகுவதன்று, பொலியெஸ்தர் 250 பாகை செல்சியசுக்குச் சற்று மேலே உருகிவிடும். அதனால் நடுவே பொலியெஸ்தர் இழையும் அதனைச் சூழப் பருத்தி உறையும் கொண்ட நூல் ஆக்கப்பட்டது. உள்ளிழை வலிமையைத் தர, புறவுறை வெப்பத்தைத் தாங்குகின்றது. வெப்பத்தைத் தணிக்கும் மெழுகு, சிலிக்கோன் பூச்சுக்களும் துணைசெய்கின்றன.

இம்மாற்றங்கள் அனைத்திலும் ஒரே ஒழுங்கு காணப்படுகின்றது. விழுதுக்குப் பட்டு கிடையாமையால் பருத்தி நூலும், இயந்திரத்தின் உராய்வால் அறுபுரியும், வேகத்தின் வெப்பத்தால் உறையிட்ட நூலும் தோன்றின. நூலின் பண்பை வகுத்தது ஒவ்வொரு காலத்திலும் அது பட்ட பாடேயாகும்.

நூல் செய்தொழில் கூலி குறைந்த நாடுகளை நோக்கிப் பெயரவே, பெய்ஸ்லியின் ஆலைகள் 1990களில் ஓய்ந்தன. நங்கூரம் என்னும் பெயருடைய ஆலையின் கட்டடமொன்று இன்று குடியிருப்பாக உள்ளது. அத்தொழிலின் சுமையோ கடல்கடந்தது. இலங்கையில் 1977இன் பொருளாதார மாற்றத்தின் பின், 1978இல் தொடங்கிய கட்டுநாயக்கா வலயத்திலும் பிறவிடங்களிலும் ஆடைத் தொழிற்சாலைகள் பெருகின. அங்கும் இயந்திரத்தின் முன் அமர்ந்தோர் பெரும்பாலும் இளம் பெண்களே. மணிக்கு இத்தனை உருப்படி என்று கணக்கிடப்படும் அவர்களின் வேலையில் நூல் அறுந்தால் இயந்திரம் நிற்கும்; மீண்டும் கோக்கும் நேரம் அவர்களின் கணக்கிலேயே குறையும். ஆதலால் புரியும் முறுக்கும் பற்றிய செய்திகள் ஆய்கூடத்துக்கு மட்டும் உரியனவல்ல. தைப்பவரின் ஊதியத்தோடும் பொருந்தியனவேயாம். தையல் இயந்திரத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் அதன் நூலையும், நூலை ஆக்கிய, கோத்த கைகளையும் உடன் எழுதுதல் முறையாகும்.