ஜூரிகள் அஞ்சிய ஜில்லா

அமெரிக்க தேசத்தில் மதுவிலக்குச் சட்டம் அமலில் இருந்த காலத்தைப் பற்றிப் பேச்செடுத்தால், எல்லோருடைய வாயிலும் முதலில் வருவது சிகாகோ நகரமும் அல் கபோனுந்தான். அதே இல்லினாய்ஸ் மாகாணத்தின் தென்கோடியில், நிலக்கரிச் சுரங்கங்களையும் சோளக் காடுகளையும் நம்பிப் பிழைத்த வில்லியம்ஸன் என்னும் சின்ன ஜில்லாவில், ஹெரின், மாரியன் போன்ற ஊர்களின் தெருக்களில் அந்த வருஷங்களில் சிந்திய ரத்தம், சிகாகோவின் கதைகளைக் காட்டிலும் நம்மை ஆழ்ந்து யோசிக்க வைப்பது. பெருநகரத்தில் குற்றம் செய்தவனுக்கும் அதைப் பத்திரிகையில் படித்தவனுக்கும் முகப்பழக்கம் கிடையாது. ஹெரினிலோ கொன்றவனும் கொலையுண்டவனும் சாட்சியும் ஜூரியும் ஒரே தெருவில் வசித்தவர்கள்.

அந்த ஜில்லாவின் கேட்டிற்கெல்லாம் சாராயமே மூலகாரணம் என்று எழுதுகிறவர்கள் உண்டு. சாராயப் பணம் பெருவாரியாகப் புரளத் தொடங்கும் முன்பே அங்கே நியாயஸ்தலம் நிலைகுலைந்துவிட்டது என்பதே என் அபிப்பிராயம். 1922-ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் முதல் தேதி நாடு முழுவதும் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் ஆரம்பமாயிற்று. ஹெரினுக்கும் மாரியனுக்கும் இடையில் லெஸ்டர் என்பவருக்குச் சொந்தமான திறந்தவெளிச் சுரங்கம் ஒன்று இருந்தது. கரியின் மேல் மூடிய மண்ணை அகற்றிக்கொள்ளலாம், கரியை மாத்திரம் வெளியே அனுப்பக் கூடாது என்று சங்கத்தார் அனுமதித்திருக்க, ஜூன் மாதத்தில் அவர் வெளியூரிலிருந்து கருங்காலிகளையும் துப்பாக்கிக் காவலர்களையும் கொண்டுவந்து இறக்கிக் கரியை ரயிலில் ஏற்றத் தொடங்கினார். 21-ஆம் தேதி நடந்த துப்பாக்கிச் சண்டையில் சங்கத்துத் தொழிலாளர் மடிந்தனர். மறுநாள் காலையில் உள்ளே இருந்தவர்கள், உயிருக்குப் பயமில்லை என்ற வாக்குறுதியை நம்பி, சமையற்காரனின் வெள்ளை மேலாடையைக் கொடியாகப் பிடித்துக்கொண்டு சரணடைந்தார்கள். அவர்களை ஹெரினை நோக்கி நடத்திக்கொண்டு போன கூட்டம், ஊர் எல்லையை அடுத்த தோப்பில், முள்கம்பி வேலிக்கு எதிரே நிறுத்தி, ஓடச் சொல்லிவிட்டுச் சுட்டது. கம்பியில் ஆடை மாட்டிக்கொண்டவர்கள் அங்கேயே மாண்டார்கள். இரு தரப்பிலுமாக இறந்தவர்கள் 23 பேர்.

பட்டப்பகலில், நூற்றுக்கணக்கானவர் கண் முன்னால் நடந்த இந்தக் கொடுமைக்காக இரண்டு விசாரணைகள் நடந்தன. இரண்டிலும் ஜூரிகள் எல்லோரையும் விடுதலை செய்துவிட்டார்கள். எஞ்சிய வழக்குகள் கைவிடப்பட்டன. லெஸ்டர் செய்தது நம்பிக்கைத் துரோகந்தான். தொழிலாளரின் ஆத்திரத்தில் நியாயம் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஆயினும் சரணடைந்தவனைக் கொன்றாலும் இந்த ஜில்லாவின் ஜூரி நம்மைத் தொடமாட்டான் என்ற ஞானம் அன்று அந்த ஊரில் ஆயுதம் வைத்திருந்த ஒவ்வொருவனுக்கும் உதயமாகிவிட்டது. பின்னால் வந்த விபரீதங்களுக்கெல்லாம் வித்து இதுவே.

1920 ஜனவரியில் அமலுக்கு வந்த மதுவிலக்கு, இப்படிப்பட்ட மண்ணில்தான் தன் விளைவைக் காட்டிற்று. ஹெரினில் இத்தாலியிலிருந்து வந்து குடியேறிய சுரங்கத் தொழிலாளர் பலர் இருந்தனர். திராட்சை ரசத்தைச் சாப்பாட்டின் ஓர் அங்கமாகத் தலைமுறை தலைமுறையாகக் கருதிவந்த அவர்களுக்கு, வீட்டு நிலவறையில் இருந்த பீப்பாய் ஒரே நாளில் குற்றமாகிவிட்டது எப்படி என்பது விளங்கவேயில்லை. இவர்களுக்கு அப்பால், லாபத்துக்காகவே காய்ச்சியவர்களும் கடத்தியவர்களும் பெருகினார்கள். சாராயக் கடைகளும் சூதாட்டப் பெட்டிகளும் வெளிப்படையாக நடந்தன. மாமூல் வாங்கிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்ட உத்தியோகஸ்தர்களும் இருந்தார்கள். ஷெரீபாக இருந்த ஜார்ஜ் காலிகன் கண்டிப்பாக நடவடிக்கை எடுக்கவில்லை என்பது ஊரின் குற்றச்சாட்டு.

சட்டத்தின் கை தளர்ந்த இடத்தில் முகமூடி நுழைந்தது. 1923 மே மாதத்தில் மாரியன் நகரத்து மாதாகோயில் ஒன்றில் பிரசங்கம் நடந்துகொண்டிருக்கையில், வெள்ளை அங்கியும் முக்காடும் தரித்த கு க்ளக்ஸ் க்ளான் சங்கத்தார் வரிசையாக உள்ளே வந்து, பிரசங்கியாரின் கையில் ஒரு கடிதத்தையும் கொஞ்சம் பணத்தையும் கொடுத்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் வெளியேறினார்கள். ஒழுக்கத்தை விரும்பிய நல்ல குடும்பஸ்தர்கள், பாதிரிமார்கள், வியாபாரிகள் ஆகியோர் இந்தச் சங்கத்தில் சேர்ந்தார்கள் என்பதை மறைப்பதற்கில்லை. மனமார நன்மையை நாடியவர்கள் தீமையின் வேஷத்தை ஏன் அணிந்தார்கள் என்பதே இந்தச் சரித்திரத்தில் என்னை மிகவும் வருத்தும் விஷயம். அவர்கள் கூலிக்கு அமர்த்திய தலைவர் கிளென் யங். மத்திய சர்க்காரின் மதுவிலக்கு இலாகாவிலிருந்து விலக்கப்பட்ட அவர், இடுப்பின் இரு பக்கமும் கைத்துப்பாக்கி தொங்க வீதியில் நடப்பவர். 1923 டிசம்பர் 22-ஆம் தேதி இரவு சுமார் ஐந்நூறு பேர் அவர் பின்னால் திரண்டு வீடு வீடாகப் புகுந்து சோதனையிட்டார்கள். அடுத்த வாரங்களில் இது தொடர்ந்தது. இத்தாலியர் வீடுகளில் பீப்பாய்களோடு பணமும் பண்டமும் காணாமற் போயின என்ற புகார் எழுந்து, இத்தாலிய சர்க்காரின் பிரதிநிதியே முறையிடும்படி ஆயிற்று.

1924 பிப்ரவரி 8-ஆம் தேதி க்ளான் பக்கத்துக் கான்ஸ்டபிள் சீஸர் கேகிள் ஹெரின் வீதியில் சுடப்பட்டு இறக்க, ஆத்திரமடைந்த கூட்டம் எதிரிகள் ஒளிந்திருந்ததாக நம்பிய ஆஸ்பத்திரியை முற்றுகையிட்டு ஜன்னல்களின் வழியே இரவெல்லாம் சுட்டது. நோயாளிகளைத் தரையில் கிடத்திக் காக்க வேண்டியதாயிற்று. யங் தம்மையே போலீஸ் தலைவராக நியமித்துக்கொண்டு, ஷெரீபையும் மேயரையும் கைது செய்தார்! பட்டாளம் வந்துதான் ஊர் அடங்கிற்று. அடுத்த ஜனவரி 24-ஆம் தேதி ஒரு ஹோட்டலின் சுருட்டுக் கடையில், யங்கும் அவருடைய பரம விரோதியான டெபுடி ஷெரீப் ஓரா தாமஸும் நேருக்கு நேர் சந்தித்துச் சுட்டுக்கொண்டதில் இருவரோடு இன்னும் இருவர் மாண்டனர். 1926 ஏப்ரலில் தேர்தல் நாளன்று க்ளானுக்கும் அதன் எதிரிகளுக்கும் இடையே பெருஞ்சண்டை மூண்டு, ஆறு பேர் இறந்தார்கள். க்ளானின் செல்வாக்கு அத்தோடு ஒழிந்தது.

ஒழித்தவர்கள் யார்? சாராயக் கடத்தற்காரர்களே. பக்கத்து ஸலீன் ஜில்லாவில் ஹாரிஸ்பர்க் நகரில் குடியிருந்த சார்லி பிர்கரும், ஷெல்டன் சகோதரர்களான கார்ல், எர்ல், பெர்னி மூவரும் அப்போது கூட்டாளிகள். ருஷ்ய சாம்ராஜ்யத்தில் யூதக் குடும்பத்தில் பிறந்து, குழந்தையாக அமெரிக்கா வந்து, குதிரைப்படையில் சேவகம் செய்தவன் பிர்கர். ஹாரிஸ்பர்க்கில் ஏழைகளுக்குக் குளிர்காலத்தில் கரி வாங்கிக் கொடுத்தான், குழந்தைகளுக்குக் காசு இறைத்தான் என்று ஜனங்கள் அவனைப் பற்றி இன்றும் பெருமையாகப் பேசுவதுண்டு. ஏழைக்கு உதவினான் என்பது மெய்யாக இருக்கலாம். அந்த உதவியின் மறுபக்கம், அவன் செய்த கொலைக்குச் சாட்சி சொல்ல ஊரில் ஆளில்லாமற் போனது.

மாரியனுக்கும் ஹாரிஸ்பர்க்குக்கும் நடுவில், நெடுஞ்சாலையை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி, பருத்த மரத்தடிகளால் கட்டிய ‘ஷேடி ரெஸ்ட்’ என்ற விடுதி அவனுடைய கோட்டை. சாலையோரத்தில் இறைச்சி வறுத்து விற்கும் கடை ஒன்று காவல் நிலையமாகவும் பயன்பட்டது. ஃபுளோரிடாக் கரையிலிருந்து செயின்ட் லூயி நகருக்கு இரவில் மட்டும் சரக்கோடு ஓடும் வண்டிகள் பகலில் தங்கும் இடம் இது. 1926-இல் சூதாட்டப் பெட்டிகளின் வரும்படியைப் பங்கிடுவதில் கூட்டாளிகள் பகைவரானார்கள். இரு கட்சியாரும் லாரிகளுக்கு இரும்புத் தகடு அடித்துக் கவச வண்டிகளாக்கி, ஊருக்குள் ஓட்டினார்கள். நவம்பர் 12-ஆம் தேதி ஷெல்டன் கட்சியார் வாடகை ஆகாய விமானத்திலிருந்து அந்த விடுதியின் மேல் வெடிமருந்துக் கட்டுகளை வீசினார்கள். குறி தவறியதால் கட்டடம் தப்பியது.

டிசம்பர் மாதம் இரு இளைஞர்கள், கார்ல் ஷெல்டன் கொடுத்தனுப்பியதாகச் சொல்லி, வெஸ்ட் ஸிட்டி என்ற சிற்றூரின் மேயரும் ஷெல்டன்களின் சிநேகிதருமான ஜோ ஆடம்ஸின் கையில் ஒரு கடிதத்தைக் கொடுத்தார்கள். அவர் வீட்டு வாசலில் நின்று அதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே சுட்டுவிட்டார்கள். அனுப்பியவன் பிர்கர், சுட்டவர்கள் தாமஸ்ஸன் என்ற அநாதைச் சகோதரர்கள். ஜனவரியில் ஷேடி ரெஸ்ட் வெடித்து எரிந்தது. சாம்பலில் கிடைத்த நான்கு சவங்களில் தாமஸ்ஸன் சகோதரர்களில் ஒருவனுடையதும் ஒன்று. அதே மாதம் 17-ஆம் தேதி, நெடுஞ்சாலைப் போலீஸ்காரர் லோரி பிரைஸும் அவர் மனைவி எதெலும் வீட்டிலிருந்து மாயமானார்கள். கணவரின் சவம் தொலைவில் ஒரு வயலில் கிடைத்தது. எந்தக் கும்பலோடும் சம்பந்தமில்லாத அந்தப் பெண்ணின் சவத்தை ஐந்து மாதம் கழித்து, கைவிடப்பட்ட சுரங்கக் குழி ஒன்றில் குப்பைகூளங்களைத் தோண்டித் தோண்டி எடுத்தார்கள். ஊராரின் மனம் மாறியதற்கு வேறு எதையும்விட இந்தப் பெண்ணின் சாவே பெரிய காரணம் என்று நான் நினைக்கிறேன்.

1927 ஜூலையில் பென்டன் நகரில் ஆடம்ஸ் கொலை வழக்கு நடந்தது. சகோதரனை இழந்த மற்றொரு தாமஸ்ஸன் கூண்டில் ஏறி யாவற்றையும் சொன்னான். பிர்கரின் ஆட்கள் எத்தனை பேர் வெளியில் திரிகிறார்கள் என்பது அறியாதவர்களல்லர் அந்தப் பன்னிரண்டு ஜூரிகள். அப்படியிருந்தும் குற்றவாளியே என்று சொல்லி, பிர்கருக்கு மரணதண்டனையும் இரு கூட்டாளிகளுக்கு ஆயுள்தண்டனையும் விதித்தார்கள். 1928 ஏப்ரல் 19-ஆம் தேதி பென்டன் சிறையின் முற்றத்தில் அவன் தூக்கிலிடப்பட்டான். க்ளான் முக்காட்டை நினைவூட்டும் வெள்ளை உறை வேண்டாம், கறுப்பே போடுங்கள் என்று அவன் கேட்டுக்கொண்டதாகச் சொல்லுவார்கள். இல்லினாய்ஸில் பொதுஜனங்கள் பார்க்க நிறைவேறிய கடைசித் தூக்கு அதுவே. அவனுடைய துப்பாக்கியும் தூக்குக் கயிறும் கதையாகிவிட்டன. என் மதிப்பில் அந்த ஜில்லாக்களின் மானத்தைக் காத்தவர்கள், பயத்தை விழுங்கிக்கொண்டு எழுந்து நின்று தீர்ப்புச் சொன்ன அந்தப் பன்னிருவர்.

1933 டிசம்பர் 5-ஆம் தேதி மதுவிலக்குச் சட்டமே ரத்தாயிற்று. ஷெல்டன்கள் வேறு நகரங்களுக்குத் தொழிலை மாற்றிக்கொண்டு நெடுநாள் செழித்தார்கள். 1947-இல் கார்லும், 1948-இல் பெர்னியும், 1950-இல் இன்னொரு சகோதரன் ராயும் மறைந்திருந்து சுட்டவர்களால் கொல்லப்பட்டார்கள். இந்த மூன்று கொலைகளுக்கும் எந்த ஜூரியும் எவரையும் தண்டிக்கவில்லை.