டூரிங் டாக்கீஸ்

டூரிங் டாக்கீஸ்: தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் தற்காலிக உரிமம் பெற்று இயங்கிய திரையரங்கு வகை. 'டெண்ட் கொட்டகை' எனவும் வழங்கும்.

அமைப்பு: கூடாரம் அல்லது கீற்றுக் கூரை; தரை, பெஞ்சு, நாற்காலி என இருக்கை வகுப்புகள். பகல் வெளிச்சம் புகுவதால் மாலை, இரவுக் காட்சிகளே நடைபெற்றன. பெரும்பாலும் ஒரே புரொஜெக்டர் இருந்ததால், ரீல் மாற்றும்போதெல்லாம் இடைவேளை விடப்பட்டது.

வரலாறு: திருச்சி ரயில்வே ஊழியர் சாமிக்கண்ணு வின்சென்ட் 1905இல் தொடங்கிய ஊர்ப்பயணத் திரையிடல் இதன் முன்னோடி. பேசும்படக் காலத்தில் 'டாக்கீஸ்' என்னும் பெயர் நிலைத்தது. 1955ஆம் ஆண்டின் திரையரங்கு ஒழுங்குமுறைச் சட்டம் உரிமத்தை நெறிப்படுத்தியது.

வீழ்ச்சி: 1980களில் பரவிய தொலைக்காட்சியும் வீடியோ கேசட்டும் பார்வையாளரைக் குறைத்தன. எஞ்சியவற்றுள் பல, டிஜிட்டல் திரையிடலுக்கு மாற இயலாமல் மூடப்பட்டன.

முக்கியத்துவம்: சாதி வேறுபாடின்றி ஊரார் ஒரே கூரையின்கீழ்க் கூடிய அரிய பொதுவெளி; திராவிட இயக்கக் கருத்துகளைத் திரைப்படம்வழி கிராமங்களுக்குக் கொண்டுசென்றது.