எச்சரிக்கும் ஒளி

எதிரே வரும் ஊர்தி முகப்பு விளக்கை இருமுறை சிமிட்டிச் செல்கிறது. நாம் வேகத்தைக் குறைக்கிறோம். முன்பின் அறியாதவர் நமக்கு விடுக்கும் இவ்வெச்சரிக்கை சட்டத்திற்கு இடையூறா, துணையா? இக்கேள்வி ஒரு நூற்றாண்டுப் பழைமை உடையது.

இங்கிலாந்தில் 1903-ஆம் ஆண்டுச் சட்டம் மோட்டார் வண்டிகளுக்கு மணிக்கு 20 மைல் என வேக எல்லை வகுத்தது. காவலர் மறைந்திருந்து மீறுவோரைப் பிடித்தனர். 1905-இல் தோன்றிய ஆட்டோமொபைல் அசோசியேசன், மிதிவண்டிப் பணியாளரைச் சாலையில் நிறுத்தி ஓட்டுநரை எச்சரித்தது. எல்லை மீறி விரைவோரை இவ்வாறு எச்சரிப்பது காவலர் பணிக்கு இடையூறே எனப் பின்னர் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன்பின், உறுப்பினரைக் கண்டால் வழக்கமாக வணக்கம் செலுத்தும் பணியாளர் வாளா நின்றால், முன்னே காவலர் உளர் என்பது பொருளாயிற்று. சொல்லாமையே சொல்லாயிற்று!

பின்னாளில் அப்பணியை ஓட்டுநரே முகப்பு விளக்கால் செய்யத் தலைப்பட்டனர். அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்து எல்லிஸ்வில் நகரில், 2012-இல் இவ்வாறு விளக்கைச் சிமிட்டிய ஒருவர்மீது காவலர் குற்றம் சுமத்தினர். அவர் பேச்சுரிமையின் பேரால் நீதிமன்றத்தை நாடினார். 2014-இல் கூட்டரசு நீதிபதி ஹென்றி ஆட்ரி, நகர நிர்வாகம் இத்தகைய நடவடிக்கை எடுக்க இடைக்காலத் தடை விதித்தார். வேகத்தைக் குறைக்கச் சொல்வது சட்டத்திற்கு இணங்கச் சொல்வதே என்பது அவர் கண்ட நியாயம்.

தண்டிப்பதே சட்டத்தின் நோக்கமெனில், எச்சரிப்பவர் அதன் பகைவர். உயிர் காப்பதே நோக்கமெனில், அவர் அதன் துணைவர். ஆயினும், குற்றம் புரிந்து தப்பியோடுபவனுக்கும் அதே ஒளி வழிகாட்டிவிடக் கூடும். விளக்கைச் சிமிட்டுமுன், யாரைக் காக்கிறோம் என்று நம் மனச்சான்றை வினவுதல் நன்று.