உள்நுழைவு மறுப்பின் மௌனம்: யூனிக்ஸ் வரலாற்றில் ஒரு வடிவமைப்பு முடிவு

யூனிக்ஸிலும் அதன் வழிவந்த கணினி அமைப்புகளிலும் உள்நுழைய முயன்று தோற்கும் பயனர் வழக்கமாகக் காண்பது 'லாகின் இன்கரெக்ட்' என்னும் ஒரே தொடரைத்தான். தவறு பயனர்பெயரிலா, கடவுச்சொல்லிலா என்பதை அது சொல்வதில்லை. இம்மௌனம் நிரலாளரின் கவனக்குறைவால் நேர்ந்ததன்று. ஆய்ந்து எடுக்கப்பட்ட முடிவு. அம்முடிவு, பழுதின் காரணத்தை அறியும் வாய்ப்பைப் பயனரிடமிருந்து நிருவாகியிடம் மாற்றியது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

கடவுச்சொல் முறையைக் கையாண்ட தொடக்ககால அமைப்புகளுள் ஒன்று, மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தின் சி.டி.எஸ்.எஸ். 1960களில் அங்கு இரு நிருவாகிகள் ஒரே நேரத்தில் வெவ்வேறு கோப்புகளைத் திருத்தியபோது அவற்றின் தற்காலிகப் படிகள் இடம்மாறின. அன்றாட அறிவிப்புக்குப் பதிலாக, உள்நுழைந்தோர் அனைவருக்கும் கடவுச்சொற்பட்டியல் அச்சாகி வந்தது. கடவுச்சொல்லை உள்ளவாறே சேமிக்கலாகாது என்பதற்கு இதனினும் வலிய சான்று வேண்டியதில்லை.

இந்நிகழ்வை நினைவுகூரும் ராபர்ட் மாரிஸ், கென் தாம்சன் ஆகியோரின் 1979ஆம் ஆண்டுக் கட்டுரையில் நமக்கு முதன்மையானது வேறொரு செய்தி. யூனிக்ஸில் கடவுச்சொல்லை மறையாக்கம் செய்ய, வேண்டுமென்றே மெதுவாக இயங்கும் நெறிமுறை புகுத்தப்பட்டது. தொடக்கத்தில் பயனர்பெயர் மெய்யாக இருந்தால் மட்டுமே மறையாக்கம் நடந்தது. ஆகவே மெய்யான பெயருக்கு மறுமொழி ஏறத்தாழ அரை நொடி தாமதித்தது. பொய்ப்பெயருக்கு உடனே வந்தது. சொல் மறைத்ததைக் காலம் காட்டிக்கொடுத்தது எனலாம். பின்னர் இருநிலையிலும் மறையாக்கம் செய்யுமாறு நிரல் மாற்றப்பட்டது. 37 ஆண்டுகளுக்குப் பின், 2016இல், ஓப்பன்எஸ்எஸ்எச் மென்பொருளில் இதே கசிவு மீண்டும் வெளிப்பட்டது. இல்லாத பெயர்களுக்குச் செய்யப்பட்ட போலி மறையாக்கம் வேறொரு நெறிமுறையைப் பின்பற்றியதால், மிக நீண்ட கடவுச்சொல்லை அனுப்பிக் கால வேறுபாட்டை அளக்க முடிந்தது.

திரை மறைத்த காரணம் பதிவேட்டைச் சென்றடைந்தது. 1980களில் எரிக் ஆல்மன் உருவாக்கிய சிஸ்லாக் இதற்கு வழிசெய்தது. இன்று டெபியனில் 'ஆத்.லாக்', ரெட் ஹாட்டில் 'செக்யூர்' ஆகிய கோப்புகள் மரபாக இப்பணியைச் செய்கின்றன. மறையாக்கப்பட்ட கடவுச்சொற்களும் அனைவரும் படிக்கக்கூடிய பயனர் கோப்பிலிருந்து 'ஷேடோ' என்னும் தனிக்கோப்புக்கு நகர்ந்தன.

இம்மாற்றத்தின் சுமை ஊடுருவுநரைவிட உரிய பயனரையே மிகுதியாக அழுத்துகிறது என்பது கட்டுரையாளரின் கணிப்பு. ஒருவர் தம் இல்ல அடைவில் பிறரும் எழுதலாம் என அனுமதி அளித்துவிட்டால், ஓப்பன்எஸ்எஸ்எச் அவருடைய திறவுகோலை இயல்பிருப்பு அமைப்பில் ஏற்பதில்லை. அடைவின் உரிமையோ அனுமதியோ பிழையுடையது எனப் பதிவேடு தெளிவாகக் குறிக்கிறது. பயனருக்கோ கடவுச்சொல் கேட்கப்படுகிறது, அல்லது வெறும் மறுப்பு கிடைக்கிறது. திறவுகோலை எத்தனை முறை மாற்றினும் பயனில்லை. பிழை அவருடைய அடைவிலேயே இருக்க, அதைச் சுட்டும் வரியைப் படிக்கும் உரிமை டெபியனில் நிருவாகக் குழுவினருக்கும், ரெட் ஹாட்டில் 'ரூட்' பயனருக்கும் மட்டுமே உண்டு.