பால்வழியில் சூரியனின் பயணம்: சென்னை முதல் காவலூர் வரை

சூரியக் குடும்பம் பால்வழி மண்டலத்தின் மையத்தைச் சுற்றி ஓயாமல் நகர்ந்துகொண்டிருக்கிறது. மையத்திலிருந்து ஏறத்தாழ 26,000 ஒளியாண்டு தொலைவில், நொடிக்கு ஏறக்குறைய 230 கிலோமீட்டர் வேகத்தில் அது செல்கிறது. ஒரு சுற்றுக்கு 20 முதல் 25 கோடி ஆண்டுகள் ஆகும். சூரியனின் வயது சுமார் 460 கோடி ஆண்டுகள். ஆகவே பிறந்தது முதல் இன்றுவரை அது ஏறத்தாழ 20 முறை மையத்தைச் சுற்றி வந்திருக்கலாம்.

இந்த எண்களை மனிதர்கள் எப்படிக் கண்டறிந்தார்கள்? ஓடும் வண்டிக்குள் இருப்பவர் தம் வேகத்தை அறிய வெளியே பார்க்க வேண்டும். நமக்கு வெளியே தெரிபவை விண்மீன்கள். அவற்றின் இடப்பெயர்ச்சியோ ஒரு மனித ஆயுளில் வெறுங்கண்ணுக்குப் புலப்படாத அளவு சிறியது. அதனால் ஒரு தலைமுறை அளந்து எழுதிவைத்ததை அடுத்தடுத்த தலைமுறைகள் மீண்டும் அளந்து ஒப்பிட வேண்டியிருந்தது. இந்த நீண்ட வேலையில் தமிழ்நாட்டு வானாய்வகங்களுக்கும் பங்கு உண்டு. அவற்றுள் ஒன்றான காவலூர், கிருஷ்ணகிரிக்குக் கிழக்கே நேர்க்கோட்டில் ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது.

விண்மீன்கள் நகர்கின்றன

பழங்கால வானியலார் விண்மீன்களை நிலையானவை என்றே கருதினர். 1718ஆம் ஆண்டில் எட்மண்ட் ஹாலி, பண்டைய கிரேக்கர்கள் குறித்துவைத்த இடங்களைத் தம் கால அளவீடுகளுடன் ஒப்பிட்டார். சிரியஸ், சுவாதி, ரோகிணி ஆகிய விண்மீன்கள் இடம் மாறியிருந்தன. இவ்வாறு ஒரு விண்மீன் மற்றவற்றை நோக்க வானில் மெல்ல இடம்பெயர்வதைத் தனி இயக்கம் என்பர்.

விண்மீன்கள் நகர்ந்தால், சூரியனும் ஒரு விண்மீன்தானே, அது மட்டும் ஏன் நிற்க வேண்டும்? 1760இல் ஜெர்மானிய வானியலாளர் டோபியாஸ் மேயர் இதற்கு ஒரு சோதனையைக் கூறினார். கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்கு நெடுஞ்சாலையில் இரவில் செல்பவர் அதை நேரில் உணரலாம். தொலைவில் ஒரே கொத்தாகத் தெரியும் முன்பக்க விளக்குகள், நெருங்க நெருங்க இருபுறமும் விலகி விரிகின்றன. கடந்துவந்த விளக்குகள் பின்னால் ஒன்றோடொன்று நெருங்கிக் குவிகின்றன. சூரியன் நகர்ந்தால் வானிலும் இதுவே நடக்கும். செல்லும் திசையில் விண்மீன்கள் விலகுவதாகவும், எதிர்த்திசையில் நெருங்குவதாகவும் தோன்றும்.

1783இல் வில்லியம் ஹெர்ஷல், தனி இயக்கம் அளக்கப்பட்ட ஒரு சில விண்மீன்களை மட்டும் வைத்துக்கொண்டு, சூரியன் ஹெர்குலிஸ் விண்மீன் கூட்டத்தை நோக்கிச் செல்வதாக அறிவித்தார். இன்று ஏற்கப்படும் திசைக்கு அது மிக அருகில் இருந்தது. ஆயினும் எல்லோரும் உடனே ஏற்கவில்லை. 1818இல் பெசல், தம்மிடமிருந்த அளவீடுகள் எந்த ஒரு திசையையும் உறுதியாகக் காட்டவில்லை என்றார். 1837இல் ஆர்கெலாண்டர் 390 விண்மீன்களைக் கணக்கிட்டு ஹெர்ஷலின் முடிவை உறுதிப்படுத்தினார்.

தென்வானமும் சென்னையும்

ஒரு குறை மட்டும் எஞ்சியிருந்தது. இவையெல்லாம் பெரும்பாலும் ஐரோப்பாவிலிருந்து தெரியும் வடவானத்து விண்மீன்கள். பூமியின் அச்சு பம்பரம்போல் மெல்லத் தலைசுற்றுவதால் எல்லா விண்மீன்களின் இடக்குறிப்புகளும் ஆண்டுதோறும் மாறுகின்றன. அந்த மாற்றத்தைக் கழிக்கும்போது சிறு பிழை நேர்ந்தாலும், விண்மீன்கள் நகராமலே நகர்வதுபோல் தோன்றும். வானின் ஒரு பாதியை மட்டும் பார்த்து இதைச் சரிபார்க்க முடியாது. சூரியன் விட்டுவிலகும் திசை, தென்வானில் உள்ள புறா என்னும் விண்மீன் கூட்டத்தில் இருக்கிறது. அங்கும் அதே விளைவு தெரிந்தால்தான் முடிவு உறுதியாகும்.

1847இல் தாமஸ் காலோவே இந்தச் சோதனையைச் செய்தார். பிரெஞ்சு வானியலாளர் லகாய் நன்னம்பிக்கை முனையில் 1751–52இல் அளந்த தென்வான விண்மீன்களின் இடங்களை, 1830ஐ ஒட்டிய ஆண்டுகளில் செயின்ட் ஹெலினா தீவிலும் அதே முனையிலும் கிடைத்த அளவீடுகளுடன் ஒப்பிட்டார். தென்வானமும் ஹெர்குலிஸ் திசையையே காட்டியது.

இத்தகைய தென்வான அளவீடுகள் தொடர்ந்து எடுக்கப்பட்ட இடங்களில் சென்னையும் ஒன்று. 1786இல் வில்லியம் பெட்ரி என்னும் கம்பெனி அதிகாரி எழும்பூரில் தம் சொந்த முயற்சியில் ஒரு வானாய்வகத்தைத் தொடங்கினார். பின்னர் கிழக்கிந்தியக் கம்பெனி அதை ஏற்றது. 1792இல் நுங்கம்பாக்கத்தில் புதிய கட்டடம் எழுந்தது. கருவியைத் தாங்கிய கருங்கல் தூண், தமிழ் உள்ளிட்ட மொழிகளில் பொறித்த எழுத்துகளுடன் அந்த வளாகத்தில் நிற்கிறது.

அங்கு வேலை நடந்த முறை எளிமையானது. ஆனால் பொறுமையைச் சோதிப்பது. தொலைநோக்கி வடக்கு–தெற்குத் தளத்தில் மட்டும் அசையும்படி பொருத்தப்பட்டிருக்கும். ஒரு விண்மீன் அதன் நடுக்கம்பியைக் கடக்கும் நேரத்தைக் கடிகாரத்தில் குறிப்பார்கள். அந்த நேரம் விண்மீனின் கிழக்கு–மேற்கு இடத்தைத் தரும். கடக்கும் உயரம் வடக்கு–தெற்கு இடத்தைத் தரும். கடிகாரம் ஒரு நொடி தவறினால் விண்மீனின் இடமும் தவறும். கடிகாரத் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஓசூர்ப் பகுதி வாசகர்களுக்கு இதன் அருமை எளிதில் விளங்கும்.

1830 முதல் 1848 வரை இயக்குநராக இருந்த தாமஸ் கிளான்வில் டெய்லர், இந்த முறையில் 11,015 விண்மீன்களின் இடங்களைத் தொகுத்து 1844இல் சென்னை விண்மீன் பட்டியலை வெளியிட்டார்.

317 விண்மீன்கள்

டெய்லருக்குப் பின் இயக்குநரான வில்லியம் ஸ்டீபன் ஜேக்கப் செய்த ஒரு வேலை, பட்டியல்களின் உண்மையான மதிப்பைக் காட்டுகிறது. 1845இல் பிரிட்டிஷ் சங்கம் ஒரு பெரிய விண்மீன் பட்டியலை வெளியிட்டிருந்தது. அதில் சில விண்மீன்கள் மிக வேகமாக நகர்வதாகக் குறிக்கப்பட்டிருந்தது. ஜேக்கப் அவற்றில் 317 விண்மீன்களை 1853 முதல் 1857 வரை சென்னையில் மீண்டும் அளந்தார். அவற்றுக்குக் கூறப்பட்ட பெரிய தனி இயக்கங்கள் தவறானவை என்று தெரியவந்தது.

இது புதிய விண்மீனைக் கண்டுபிடித்ததுபோல் செய்தியாகும் வேலையன்று. ஆனால் சூரியனின் திசையைக் கணக்கிடுபவர், மற்ற விண்மீன்களின் நகர்வை நம்பித்தான் கணக்கிடுகிறார். பொய்யான நகர்வுகள் பட்டியலில் இருந்தால், சூரியன் செல்லும் திசையும் பொய்யாகும். அவற்றை நீக்குவதும் கண்டுபிடிப்பின் ஒரு பகுதியே.

1861இல் பொறுப்பேற்ற நார்மன் பாக்சன் காலத்திலும் அளவீடு தொடர்ந்தது. அவருடைய உதவியாளர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி, 1867இல் ரெட்டிகுலம் கூட்டத்தில் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தார். பாக்சன் 1891இல் மறைந்தபோது அவர் சேர்த்த அளவீடுகள் பல அச்சேறாமல் இருந்தன. அவற்றை ஒழுங்குபடுத்தி வெளியிடும் பணி அவருக்குப் பின்வந்த மிச்சி ஸ்மித்தின் கைக்கு வந்தது.

நிறமாலை காட்டிய வேகம்

தனி இயக்கம் திசையைக் காட்டும். வேகத்தைக் கிலோமீட்டரில் சொல்லாது. அதற்கு நிறமாலை உதவியது. ஒளி தரும் பொருள் நம்மை நெருங்கினால் அதன் நிறமாலைக் கோடுகள் நீலத்தை நோக்கியும், விலகினால் சிவப்பை நோக்கியும் நகரும். இது டாப்ளர் விளைவு. 1899இல் தொடங்கிய கோடைக்கானல் வானாய்வகத்தில், ஜான் எவர்ஷெட் 1909இல் இதே விளைவைக் கொண்டு சூரியக் கரும்புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டறிந்தார்.

விண்மீன்களிலும் இதைச் செய்தபோது, ஹெர்குலிஸ் திசையில் உள்ளவை சராசரியாக நெருங்குவதும், எதிர்த்திசையில் உள்ளவை விலகுவதும் தெரிந்தன. அண்டை விண்மீன்களை நோக்கச் சூரியனின் வேகம் நொடிக்குச் சுமார் 20 கிலோமீட்டர் என்று கிடைத்தது.

அப்படியானால் தொடக்கத்தில் சொன்ன 230 கிலோமீட்டர் எங்கிருந்து வந்தது? ஓசூர் சந்திரசூடேசுவரர் கோயில் தேர்த் திருவிழாவை நினைத்துப் பார்க்கலாம். தேருடன் கூட்டம் முழுவதும் நகர்கிறது. நடுவில் இருப்பவர், பக்கத்தில் வருபவரைவிடச் சற்று முந்துகிறோமா பிந்துகிறோமா என்பதைத்தான் உணர்வார். கூட்டத்தின் மொத்த வேகம் தெரிய, தெருவோர வீடுகளைப் பார்க்க வேண்டும். சூரியனும் அண்டை விண்மீன்களும் சேர்ந்தே மையத்தைச் சுற்றுகின்றன. 20 கிலோமீட்டர் என்பது அண்டையரை நோக்கிய சிறு வேறுபாடு மட்டுமே.

1918இல் ஹார்லோ ஷாப்லி, கோள வடிவ விண்மீன் கொத்துகள் வானின் ஒரு பக்கத்தில் குவிந்திருப்பதைக் கொண்டு, சூரியன் பால்வழியின் மையத்தில் இல்லை என்று காட்டினார். பெர்ட்டில் லிண்ட்பிளாட் பால்வழி சுழல்கிறது என்ற கருத்தை முன்வைத்தார். 1927இல் யான் ஊர்ட் அதை அளவீடுகளால் மெய்ப்பித்தார். விண்மீன்கள் ஒன்றன் ஈர்ப்பால் மற்றொன்று எவ்வாறு திசைமாறுகின்றன என்ற கணக்கை, சென்னை மாநிலக் கல்லூரி மாணவரான சுப்ரமணியன் சந்திரசேகர் 1940களில் வகுத்தார்.

காவலூர்

இத்தகைய ஆய்வுகளுக்கு விண்மீன்களின் தொலைவு தெரிய வேண்டும். 1957இல் ஒலின் வில்சனும் வைணு பாப்புவும் வெளியிட்ட முடிவு அதற்கு ஒரு வழி தந்தது. குளிர்ந்த விண்மீன்களின் நிறமாலையில் கால்சியம் தரும் ஒரு கோட்டின் அகலம், விண்மீனின் உண்மையான ஒளித்திறனைக் காட்டுகிறது. அதைத் தோற்ற ஒளியுடன் ஒப்பிட்டால் தொலைவு கிடைக்கும்.

1960இல் கோடைக்கானல் இயக்குநரான பாப்பு, இருண்ட வானமும் தென்வானப் பார்வையும் உள்ள இடத்தைத் தேடி, ஜவ்வாது மலையிலுள்ள காவலூரைத் தேர்ந்தெடுத்தார். 1968இல் அங்கே 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியுடன் வேலை தொடங்கியது. இந்தியாவிலேயே உருவாக்கப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986இல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. 1982இல் மறைந்த பாப்புவின் பெயர் அதற்கும் வானாய்வகத்துக்கும் சூட்டப்பட்டது.

காவலூரும் கிருஷ்ணகிரியும் ஏறக்குறைய ஒரே அட்சக்கோட்டில், 12.5 பாகை வடக்கில் உள்ளன. பால்வழியின் மையம் இங்கே தென்வானில் 48 பாகை உயரம்வரை எழுகிறது. இலண்டனில் அது 10 பாகையைக்கூடத் தொடுவதில்லை.

ஓசூர் வானில் பார்க்க

ஆகஸ்டு தொடக்கத்தில், மேகமில்லாத இரவில் 9 மணியளவில் தெற்கே பார்த்தால், மூல நட்சத்திரத்தின் அருகே, தனுசு கூட்டத்தின் மேற்கு ஓரத்தில் பால்வழியின் மையம் இருக்கும் திசை தெரியும். வடக்கே உயரத்தில் ஒளிரும் அபிஜித்தின் அருகில், ஹெர்குலிஸ் கூட்டத்தில், அண்டை விண்மீன்களை நோக்கச் சூரியன் செல்லும் திசை உள்ளது. வடகிழக்கில் அன்னம் கூட்டத்தின் பக்கம், சூரியன் மையத்தைச் சுற்றிச் செல்லும் பெரும் பயணத்தின் திசை உள்ளது.

இணையத்தில் பரவும் சில காணொளிகள், சூரியன் முன்னே பறக்க, கோள்கள் வால்போல் பின்தொடர்வதாகக் காட்டுகின்றன. இது தவறு. கோள்களின் சுற்றுத்தளம் பால்வழித் தளத்துக்கு ஏறத்தாழ 60 பாகை சாய்ந்துள்ளது. அதனால் ஒவ்வொரு கோளும் தன் சுற்றின் ஒரு பாதியில் சூரியனுக்கு முன்னாலும், மறுபாதியில் பின்னாலும் செல்கிறது.

இன்றைய அளவீடும் இருளின் தேவையும்

2013இல் ஐரோப்பா ஏவிய கையா விண்கலம் நூறு கோடிக்கும் மேற்பட்ட விண்மீன்களின் இடங்களை அளந்தது. தொலைதூரக் குவேசார்களின் நுண்ணிய நகர்வைக் கொண்டு, சூரியக் குடும்பம் பால்வழி மையத்தை நோக்கி ஈர்க்கப்படும் முடுக்கத்தை 2020இல் கண்டறிந்தனர். அந்த ஈர்ப்பால் ஓராண்டில் ஏற்படும் வேக மாற்றம் நொடிக்கு 7 மில்லிமீட்டர் மட்டுமே. சென்னையில் கம்பியையும் கடிகாரத்தையும் வைத்துச் செய்த அதே வேலை, இன்று இந்த நுட்பத்தை எட்டியுள்ளது.

தரையிலிருந்து செய்யும் ஆய்வுக்கு இருண்ட வானம் இன்றும் தேவை. 2001 முதல் இயங்கும் இமாலய சந்திரா தொலைநோக்கி லடாக்கின் ஹான்லேயில் உள்ளது. ஓசூருக்கு வடக்கே கர்நாடகத்தின் ஒசகோட்டையிலிருந்து செயற்கைக்கோள் வழியாக இயக்கப்படுகிறது. பெங்களூரு, ஓசூர், கிருஷ்ணகிரி வழியே நீளும் தொழிற்சாலை விளக்குகளும் நெடுஞ்சாலை விளக்குகளும் வானை நோக்கிச் சிந்தும் ஒளியில், பால்வழியின் மங்கிய பட்டை நகரவாசிகளுக்குத் தெரிவதில்லை. வேலைக்கும் பாதுகாப்புக்கும் விளக்கு வேண்டும். அதன் ஒளி தரையில் மட்டும் விழும்படி மேலே மூடி அமைத்தால், மின்சாரமும் மிஞ்சும். காவலூரின் வானமும் காக்கப்படும். இப்பகுதி மாணவர்கள் தாம் பயணம் செய்யும் பால்வழியை ஜவ்வாது மலைக்கு ஏறாமலே காணவும் கூடும்.